மூலை போன சான்றிதழ்: ஒரு கடற்படைக்காரரின் மூன்று பதக்கங்கள்

மார்கழி மழை விட்டிருந்த ஒரு நாள், களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் பெரியம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். விறாந்தையில் பாய் விரித்து, அதன்மேல் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே மூன்று பதக்கங்கள், நான்காக மடித்த ஒரு தடித்த காகிதம், கடற்படை உடுப்பில் ஓர் இளைஞனின் படம்.

"இதெல்லாம் என்ட அப்பாட சாமான் மனே. ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுறாங்க. எது உண்மை எண்டு நான் கண்ண மூடுறதுக்கு முதல் தெரியோணும்" என்றார்.

அவருடைய அப்பா என் அம்மப்பாவின் அண்ணன். ஊரில் எல்லோருக்கும் அவர் 'நேவியப்பா'. 1924-இல் பிறந்தவர், 1983-இல் காலமானார். சின்ன வயதில் அவரோடு வாவிக்குத் தூண்டில் போடப் போயிருக்கிறேன். போரைப் பற்றி ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை. அவர் பேசாமல் விட்டதை மற்றவர்கள் பேசி நிரப்பியிருந்தார்கள். அப்படி வந்த கதைகள் மூன்று. அவர் ஹெர்மஸ் கப்பலில் இருந்தார், அது மூழ்கியபோது நீந்திக் கரை சேர்ந்தார் என்பது முதலாவது. மால்டாவுக்குப் போய் வந்தார் என்பது இரண்டாவது. பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை பிடித்தார் என்பது மூன்றாவது.

இந்தத் தகரம் மிஞ்சியதே பெரிய காரியம். 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரை போனது. 1990-இல் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியோடும் நகையோடும் சேர்த்து இதையும் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2004 சுனாமி கடற்கரைப் பக்கம் இருந்த அயலவர் பலருடைய வீடுகளையே கொண்டுபோனது. அதிலும் தப்பியது. எங்கள் பகுதியில் ஒரு குடும்பத்துக்குப் பழைய பத்திரம் இல்லையென்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் காணிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். போர் வரலாறு படித்தவனில்லை. ஆனால் பழைய உறுதிகளை முப்பது வருடம் வாசித்திருக்கிறேன். அந்த வேலையில் முதலில் பழக்குவது ஒன்றுதான்: பத்திரம் சொல்வதை ஒரு தாளில் எழுது, ஆட்கள் சொல்வதை வேறு தாளில் எழுது, இரண்டையும் கலக்காதே. இங்கும் அப்படியே இரண்டு தாள் வைத்துத் தொடங்கினேன்.

பதக்கங்கள் சொன்னது

பதக்கத்தைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். விளிம்பைத் திருப்பிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. போலியோ என்று ஒரு கணம் மனம் விழுந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியா கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் வீரரின் இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் கொடுத்தவற்றைப் பெயர் பொறிக்காமலே அனுப்பினார்கள். இந்தியா, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகள் தங்கள் ஆட்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. நமக்கு வந்தவை வெறும் விளிம்போடு வந்தவை. ஆகவே பெயர் இல்லாதது குறை இல்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு: காகிதத்தைத் தொலைத்துவிட்டால் இந்தப் பதக்கம் யாருடையது என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுக் காகிதத்தைக் குப்பையில் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும். மனது வேகிறது.

மூன்றில் இரண்டு ஆறு முனை நட்சத்திரங்கள். ஒன்று வட்டமானது. நட்சத்திரங்கள் செம்பும் நாகமும் கலந்த உலோகம், பார்வைக்குப் பித்தளை மாதிரி. அதனால் வந்த வினை, பெரியம்மாவின் அம்மா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் குத்துவிளக்கோடு சேர்த்து இவற்றையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். அன்பாகச் செய்தது. ஆனால் எழுத்துகள் கரைந்துவிட்டன. நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரெழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அதைச் சுற்றியுள்ள வளையத்தில்தான் நட்சத்திரத்தின் பெயர் இருக்கும். இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தேன். நேரே அடித்தால் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பியது. ஒன்றில் ஆண்டுகள் தெளிவாகவே இருந்தன: '1939–1945 ஸ்டார்'. மற்றதில் 'யூ, ஆர், எம்' என்ற மூன்று எழுத்துகள் முதலில் வந்தன. பெயரில் அந்த வரிசை வரும் நட்சத்திரம் ஒன்றுதான். பர்மா ஸ்டார்.

நாடாவைப் பார்த்தாலே கண்டுபிடித்திருக்கலாம். பர்மா ஸ்டாரின் நாடா கருநீலம், நடுவில் அகலமான சிவப்புப் பட்டை, ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஒரு செம்மஞ்சள் கோடு. ஆனால் அசல் நாடா எப்போதோ இற்றுப்போய், அந்த இடத்தில் ஒரு சேலைக் கரையை வெட்டிக் கையால் தைத்திருந்தது. சிவப்புக் கரை. தையல் அவ்வளவு நெருக்கம். 1939–45 நட்சத்திரத்தின் நாடா மட்டும் அசலாக மிஞ்சியிருந்தது: கருநீலம், சிவப்பு, இளநீலம் மூன்றும் சம அகலம். முறையே கடற்படையும் வணிகக் கப்பல்காரரும், தரைப்படை, விமானப்படை.

வட்டப் பதக்கம் வெள்ளி நிறம். பின்பக்கம் இரண்டு தலை கொண்ட ஒரு பறவைநாகத்தின்மேல் சிங்கம் நிற்கிறது. சிங்கத்தைப் பார்த்துவிட்டு இது இலங்கை அரசாங்கம் கொடுத்தது என்றே வீட்டில் நம்பியிருந்தார்கள். அது பிரித்தானியச் சிங்கம். காலடியில் கிடப்பது கிழக்கிலும் மேற்கிலும் இருந்த எதிரிகள். பெயர் 'வார் மெடல் 1939–45'. அந்தப் போர்க் காலத்தில் 28 நாள் முழுநேரப் படைச்சேவை செய்த எவருக்கும் உரியது.

இந்த இடத்தில் முதல் தாளில் எழுதிக்கொண்டது: மூன்றும் சேவைப் பதக்கங்கள். வீரச் செயலுக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டவை இல்லை. இதைச் சொன்னதும் லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் பேரனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவன் ஏற்கெனவே பிரித்தானிய அரசின் வர்த்தமானியான லண்டன் கெசட்டில் இரண்டு கிழமை தேடியிருக்கிறான். வீரப் பதக்கங்களும் அதிகாரிகளின் நியமனங்களும்தான் அதில் வரும். சாதாரணக் கடற்படைக்காரர் ஒருவருக்கு வந்த ஸ்டாரோ வார் மெடலோ வராது. தேடிக் கிடைக்கவில்லை என்பதால் தாத்தா பொய் என்று ஆகிவிடாது என்று அவனுக்கு விளங்கப்படுத்தினேன்.

காகிதம் சொன்னது

மடித்த காகிதம்தான் இந்த ஆய்வின் உயிர். அது பிரித்தானியக் கடற்படையின் சேவைச் சான்றிதழ். வேலை விட்டுப் போகும்போது கையில் கொடுப்பது. முன்பக்கம் பெயர், இலக்கம், பிறந்த தேதி, பிறந்த இடம், நெருங்கிய உறவினர், மதம், உயரம், நிறம், உடல் அடையாளம். உள்ளே எந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற வரிசை. பிறகு ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-ஆம் தேதி எழுதிய நடத்தைக் குறிப்பு.

பிறந்த இடம் 'காரைதீவு, சிலோன்' என்று மட்டும் இருந்தது. பேரன் அதை யாழ்ப்பாணத்தில் தேடியிருக்கிறான். இன்றைய காரைநகருக்குப் பழைய பெயர் காரைதீவு என்பது உண்மை. புத்தளத்துப் பக்கமும் ஒரு காரைதீவு உண்டு. நேவியப்பா பிறந்தது விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில், கல்முனைக்குத் தெற்கே. இன்று அது அம்பாறை மாவட்டம். 1961-இல்தான் அம்பாறை தனி மாவட்டமானது, அதற்கு முந்திய பத்திரங்களில் எல்லாம் அந்த ஊர் மட்டக்களப்பு மாவட்டம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆட்களைத் தேடுபவர்கள் இதை மறந்தால் பழைய பதிவுகளில் ஆளே இல்லை என்று திரும்பி வர வேண்டியதுதான். எங்கள் ஆளின் பிறப்புப் பதிவு, மாவட்டத்தை மாற்றிக் கேட்டவுடன் வந்தது.

பெயரும் அப்படித்தான். தமிழ்ப் பெயரை ஆங்கிலக்காரன் காதால் கேட்டு எழுதியது. கந்தையா என்ற பெயரை வைத்துச் சொல்கிறேன்: கே-யில் தொடங்கியும் சி-யில் தொடங்கியும் எழுதுவார்கள், நடுவில் டி வரும், டிஎச் வரும், கடைசியில் எச் இருக்கும், இல்லாமலும் இருக்கும். தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கலாம், குடும்பப் பெயராகப் பின்னுக்கும் போயிருக்கலாம். ஏழு விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேடினேன். ஆறாவதில் சான்றிதழோடு ஒத்தது.

அடுத்தது கப்பல்கள். சேர்ந்தது 1943 ஜனவரி. முதல் வரி 'லங்கா'. இரண்டாவது வரியில் மறுபடி 'லங்கா', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு சொல், 1943 ஜூலை முதல் 1945 மே வரை. கடைசி வரி 'ஹைஃப்ளையர்', 1946 பெப்ரவரி வரை.

மூன்றிலும் குழி இருந்தது.

எச்.எம்.எஸ். ஹைஃப்ளையர் என்று தேடினால் 1898-இல் கடலில் இறக்கிய ஒரு பெரிய போர்க் கப்பல் வரும், படத்தோடு வரும். பேரன் அந்தப் படத்தை அச்சடித்துச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தான். அந்தக் கப்பலை 1921-இல் உடைக்க விற்றுவிட்டார்கள். நேவியப்பா பிறப்பதற்கே மூன்று வருடம் முந்தி. இரண்டாம் போரில் அந்தப் பெயர் திருகோணமலையில் இருந்த கடற்படைத் தளத்துக்கு. எச்.எம்.எஸ். லங்காவும் அப்படியே, கொழும்பில் இருந்த தளம். பிரித்தானியக் கடற்படை கரையில் கட்டிய தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைக்கும். கப்பல் பெயரைப் படித்தவுடன் கப்பல் என்று எடுத்துக்கொள்வது இந்தத் தேடலில் ஆட்கள் விழும் பெரிய பள்ளம்.

அந்த அடைப்புக்குறி எனக்கு மிகவும் பிடித்த இடம். படிவத்தின் தலைப்பிலேயே சிறிய அச்சில் போட்டிருக்கிறது: துணைக் கலங்களின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதவும் என்று. சிறிய கப்பல்களில் இருந்தவர்களின் பெயரைக் கரைத் தளத்தின் பேரேட்டில் வைத்திருப்பார்கள். ஆகவே வெளியே இருப்பது கணக்கு எழுதிய இடம், உள்ளே இருப்பதுதான் ஆள் நின்ற கப்பல். அந்தச் சொல்லைத்தான் குடும்பம் 'மால்டா' என்று வாசித்திருந்தது. எழுத்தரின் கையெழுத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலெழுத்து எம் மாதிரியே இருந்தது.

உறுதி வாசிக்கும்போது சந்தேகமான எழுத்து வந்தால், அதே ஆள் அதே எழுத்தை வேறு எங்கே எழுதியிருக்கிறார் என்று தேடுவோம். முன்பக்கத்தில் கண் நிறத்துக்கு எதிரே 'பிரவுண்' என்று எழுதியிருந்தது. அதன் முதலெழுத்தும் இதே வடிவம். எம் இல்லை, பி. மால்டா இல்லை, பால்டா.

பால்டா என்பது ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்று. அந்தப் பெயரில் கண்ணிவெடி வாரும் ஒரு சிறிய போர்க் கலம் இருந்தது, இழுவை மீன்பிடிக் கப்பல் வடிவில் கட்டியது. இலங்கைக்காரர்களைக் கொண்ட அரச கடற்படைத் தொண்டர் படை, அக்காலத்தில் சி.ஆர்.என்.வி.ஆர். என்று சொல்வது, ஓட்டிய கலங்களில் அதுவும் ஒன்று. ஓவர்டேல் வைக், ஒகாபி, செம்லா, சாம்பர், ஹோக்ஸா ஆகியவை மற்றவை. 1937-இல் தொடங்கிய அந்தத் தொண்டர் படையின் வழியில் வந்ததுதான் 1950 டிசம்பர் 9-ஆம் தேதி உருவான அரச இலங்கைக் கடற்படை.

பதக்கங்களும் இதற்குச் சாட்சி. மத்தியதரைக் கடலில் 1943 மே 12 வரை நின்ற கடற்படைக்காரருக்கு ஆபிரிக்கா ஸ்டார் உண்டு, பிறகு இத்தாலி ஸ்டார் உண்டு. தகரத்தில் இரண்டும் இல்லை. காகிதத்தில் ஓர் எழுத்து, தகரத்தில் ஒரு வெற்றிடம். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டின. மால்டாக் கதையை அத்தோடு மூடினேன்.

ஹெர்மஸ்

இதை வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மட்டக்களப்பில் ஹெர்மஸை அறியாதவர் இல்லை. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும் 9-ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. திருகோணமலைத் துறைமுகத்தில் நின்றால் அழிவு என்று ஹெர்மஸை முதல் நாள் இரவே தெற்கே அனுப்பினார்கள். அதில் அப்போது விமானங்கள் இல்லை. 9-ஆம் தேதி காலை திரும்பி வரும்போது எங்கள் கரைக்கு எதிரே வைத்துப் பிடித்தார்கள். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்தது. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது. அருகே வந்துகொண்டிருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தூக்கியெடுத்தது. கப்பல் இன்றும் அங்கேதான் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது.

இப்படி ஒரு நிகழ்வு ஊருக்கு முன்னால் நடந்தால், கடற்படையில் இருந்த ஒவ்வொருவரையும் ஊர் அந்தக் கப்பலில் ஏற்றிவிடும். ஆனால் நேவியப்பா கடற்படையில் சேர்ந்தது 1943 ஜனவரி. கப்பல் மூழ்கி ஒன்பது மாதம் கழித்து. இதற்கு மேல் ஆராய ஒன்றும் இல்லை.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்பா கப்பல்ல இருந்தது எண்டு எனக்குச் சொல்லல்ல. அண்டைக்குக் கரையில நிண்டதாம். புகை வந்ததாம். அதைத்தான் சொன்னவர்." அவர் சொன்னதை அப்படியே இரண்டாவது தாளில் எழுதினேன். வாய்வழிச் சாட்சியம், மகள் சொன்னது, தகப்பனிடம் நேரே கேட்டது. பதினெட்டு வயதுப் பையன் கரையில் நின்று புகையைப் பார்த்தான், அடுத்த வருடம் தை மாதம் கொழும்புக்கு ரயிலேறினான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று காகிதம் சொல்லாது. எனக்கு என்னமோ தொடர்பு உண்டு என்றுதான் படுகிறது.

பர்மா

இனி அந்த நட்சத்திரம். பர்மா ஸ்டார் இருப்பதால் பர்மாவில் நின்றார் என்று எவரும் நினைப்பார்கள். தரைப்படைக்காரர் என்றால் அது பெரும்பாலும் சரி. கடற்படைக்கு விதி வேறு. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டெம்பர் 2 வரை வங்காள விரிகுடாவில் செய்த போர்க்கடமைக்கும் அதே நட்சத்திரம்தான். அந்தக் கடலுக்கு எல்லையும் எழுதியிருக்கிறார்கள்: இலங்கையின் தென்முனையில் தொடங்கி 300 மைல் தெற்கே இறங்கி, அங்கிருந்து கிழக்கே திரும்பி சுமாத்திராவின் தென்முனைப் பக்கம் வரை போகும் கோடு.

பழைய பாடசாலை அட்லஸை எடுத்து அந்தக் கோட்டைப் பென்சிலால் போட்டேன். கொழும்புக் கடல் வெளியே போனது. திருகோணமலை உள்ளே. கல்குடா உள்ளே. கல்லடி உள்ளே. களுவாஞ்சிகுடி, காரைதீவு, பொத்துவில் எல்லாம் உள்ளே. எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் கேட்கிற கடலும் பர்மா ஸ்டாருக்கு உரிய கடல். இதைக் கண்ட அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கணக்கையும் பார்த்தேன். கடற்படைக்காரர் முதலில் ஆறு மாதம் போர்க்கடலில் நின்று 1939–45 நட்சத்திரத்தைச் சம்பாதிக்க வேண்டும். அதன் பிறகே பர்மா ஸ்டாருக்கான சேவை தொடங்கும். பால்டாவில் ஏறியது 1943 ஜூலை. ஆறு மாதம் 1944 ஜனவரியில் முடிகிறது. அதற்குப் பிறகும் 1945 மே வரை, பதினாறு மாதம், அதே கப்பல். இரண்டு நட்சத்திரமும் சான்றிதழின் தேதிகளோடு இடைவெளி இல்லாமல் பொருந்துகின்றன.

பால்டாவின் வேலை துறைமுக வாயில்களைத் துடைத்து வைப்பது. எதிரி விதைத்துவிட்டுப் போயிருக்கக்கூடிய கண்ணிவெடிகளை வெட்டி எடுத்து, மற்றக் கப்பல்களுக்கு வழி திறப்பது. கப்பலின் பின்னால் நீருக்கடியில் நீண்ட கம்பி வடத்தை இழுத்துக்கொண்டு, அளந்து போட்ட வரிசையில் மெதுவாகப் போய் வருவார்கள். வெடியைக் கடலடியோடு கட்டியிருக்கும் கயிறு அந்த வடத்தில் அறுபட்டால் வெடி மேலே மிதக்கும், பிறகு சுட்டு வெடிக்க வைப்பார்கள். வயல் உழுகிற மாதிரி, சாலுக்குப் பக்கத்தில் சால். அரிசி ரேஷனுக்கு வந்த காலத்தில் இந்த நாட்டுக்கு உணவு வந்ததும் அந்த வாயில்களால்தான். ஹெர்மஸில் இருந்து நீந்தியவர் என்று சொல்வதைவிட இது எனக்குப் பெரிதாகவே தெரிகிறது, பேரனுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

தொண்டர் படையின் கலங்கள் பர்மா வரையும் போயிருக்கின்றன. நேவியப்பா அந்தப் பயணத்தில் இருந்தாரா என்பதற்குச் சான்றிதழில் வரி இல்லை, பதக்கமும் அதை நிரூபிக்காது. ஆகவே அறிக்கையில் 'வங்காள விரிகுடாவில் சேவை' என்று மட்டும் எழுதினேன். சிறிய போர்க் கலங்களின் நாட்பதிவேடுகள் பெரும்பாலும் பேணப்படவில்லை. ஆனால் எந்தக் கலம் எந்தத் தளத்தில் நின்றது என்று கடற்படை அவ்வப்போது அச்சிட்ட பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.  சும்மா கெசட்டைப் புரட்டுவதை விட்டுவிட்டு அங்கே போய் 1944, 1945 வருடத்துப் பட்டியல்களைப் பார் என்று பேரனுக்கு வேலை கொடுத்திருக்கிறேன்.

மூலை

மூன்று கதைக்கும் பதில் எழுதி எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, இன்னொன்று இருக்கிறது என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சான்றிதழை விரித்து, மூலை இல்லாத இடத்தில் விரலை வைத்தார்.

"இதைப் பத்தி நீ ஒண்டும் சொல்லல்லயே மனே. அப்பாக்குக் கெட்ட பேர் ஏதும் இருக்கா?"

அப்போதுதான் வந்தது கதை. நேவியப்பா இறந்து கொஞ்சக் காலத்தில், கப்பல் வேலை பார்த்த ஒருவர் இந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மூலை வெட்டிய சான்றிதழ் என்றால் அவமானத்தோடு வெளியே அனுப்பப்பட்ட ஆள் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பெரியம்மாவின் அம்மா சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, காகிதத்தோடு தகரத்தில் போட்டு, பெட்டகத்தின் அடியில் வைத்தவர். பதக்கத்தை மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துத் தேய்த்திருக்கிறார். தான் சாகும்வரை காகிதத்தை மறுபடி திறக்கவில்லை.

அந்த மனிதர் சொன்ன விதி பொய்யில்லை. படிவத்திலேயே அச்சிட்டிருக்கும்: கெட்ட நடத்தை என்றோ அவமானத்தோடோ விலக்கப்பட்டால் குறித்த இடத்தில் மூலையை வெட்ட வேண்டும், வெட்டியதைப் பேரேட்டில் குறிக்க வேண்டும் என்று. அவர் விதியைச் சரியாகச் சொன்னார். காகிதத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

பெரியம்மாவைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். வெட்டுவதற்கான கோடு அச்சிலேயே உண்டு. கத்தரி போட்டிருந்தால் ஓரம் அந்தக் கோட்டோடு நேராகப் போயிருக்கும். இங்கே ஓரம் அலை அலையாக இருக்கிறது. ஒரு பக்கம் கோட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது, மறு பக்கம் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது, கோட்டில் ஒரு துண்டு இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஓரத்தில் மண் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிறது. பிறகு காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தேன். நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று வந்தன. மற்ற மூன்றிலும் அதே இடத்தில் சின்னச் சின்னக் கடி.

"கறையான்" என்றார் பெரியம்மா. நான் சொல்லும் முன்பே.

அதோடு நிறுத்தவில்லை. பின்பக்கத்தைத் திருப்பினேன். நடத்தை என்ற நிரலில் 1943 டிசம்பர் 31, 'வி.ஜி.' 1944 டிசம்பர் 31, 'வி.ஜி.' 1945 டிசம்பர் 31, 'வி.ஜி.' விலகும்போதும் அதே இரண்டு எழுத்து. விலகிய காரணம் 'ஏ வகுப்பு விடுவிப்பு'. அது போர் முடிந்தபின் வயதையும் சேவைக் காலத்தையும் பார்த்து வரிசையாக வீட்டுக்கு அனுப்பிய முறை. இன்னொரு வரியும் இருந்தது: 1946 ஜனவரியில் நன்னடத்தைப் பட்டி ஒன்று. மூன்று வருடம் குறை இல்லாமல் வேலை செய்தவருக்கு இடது கையில் தைப்பது. படத்தில் அந்தப் பட்டி இல்லை, ஆகவே படம் அதற்கு முந்தியது. தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லாமல் 'எச்.எம்.எஸ்.' என்று மட்டும் இருப்பதும் போர்க்கால வழக்கம்தான், எதிரிக்குக் கப்பல் தெரியக் கூடாது என்று.

"வி.ஜி. எண்டா?"

"வெரி குட், பெரியம்மா. மிகவும் நல்லது."

"மூண்டு வருசமும்?"

"மூண்டு வருசமும்."

"அம்மாக்கு இது தெரியாமப் போயிற்றே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சான்றிதழை மடிப்பில்லாமல் விரித்து, அமிலமற்ற தாள்களுக்கு இடையில் ஒரு தட்டையான பெட்டியில் வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து மூன்று வீட்டில் பிரதி இருக்கிறது. கறையானுக்குப் பயந்து பெட்டி சுவரில் முட்டாத அலுமாரித் தட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஒட்டி லமினேட் பண்ணலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் விடவில்லை. ஒட்டினால் திரும்ப எடுக்க முடியாது. பதக்கங்களுக்கு இனிப் புளி இல்லை, பிராசோ பாலிஷும் இல்லை. பர்மா ஸ்டாருக்குப் புது நாடா வாங்கி அனுப்புகிறேன் என்றான் பேரன். வாங்கு, தனியாக வை, சேலைக் கரையைக் கழற்றாதே என்றேன். அந்தத் தையலும் இந்த ஆவணத்தில் ஒரு வரி. 2022 முதல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு தன்னிடமிருந்த பழைய சேவைப் பதிவுகளைக் கியூவுக்கு மாற்றிவருகிறது. மகள் என்ற உரிமையில், பிறப்புப் பதிவும் இறப்புச் சான்றிதழும் வைத்து, பெரியம்மாவின் பெயரில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

அன்று நான் கிளம்ப எழும்பியபோது பெரியம்மா படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். நடு அறைச் சுவரில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி சும்மா இருந்தது. அது போதுமா, புது ஆணி அடிக்க வேணுமா என்று கேட்டார். கையால் ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.